‘சின்ன ஆபரேஷன்தான்’ என்றார்கள், ஒன்பது நாளாகியும் ஏன் இவ்வளவு அசதி?

ஒன்பதாம்நாள் எழுதியது:

வணக்கம். பல மாதமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன், எழுதுவது இதுதான் முதல் தடவை. நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 44. வலது தொடை இடுக்கில் குடலிறக்கம், ஹெர்னியா என்றால் எல்லோருக்கும் தெரியும். நின்றால் கோலிக்குண்டு அளவுக்குப் புடைக்கும், படுத்தால் உள்ளே போய்விடும், வலி பெரிதாக இல்லை என்பதால் இரண்டு வருடம் தள்ளிப்போட்டேன். அது பெரிதாகத் தொடங்கியதும் இனியும் காத்திருக்க வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். லேப்ராஸ்கோப்பியில் மூன்று துளை போட்டு, உள்ளே வலை வைத்து அடைத்தார்கள். ஒரு ராத்திரி மட்டும் தங்கிவிட்டு மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டேன். இன்றோடு ஒன்பது நாள்.

போவதற்கு முன் கேட்டவர்கள் எல்லோரும் சொன்னது ஒரே வார்த்தைதான், "சின்ன ஆபரேஷன்தான்". நானே என் அம்மாவிடம் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு நான் பார்ப்பது சின்னதாக இல்லை. குளித்துவிட்டு வந்தால் அரை மணி நேரம் படுக்க வேண்டியிருக்கிறது. மதியம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறேன். முதல் இரண்டு நாள் வலது தோள்பட்டையில் ஒரு வலி, ஆபரேஷன் செய்தது வயிற்றில், வலி தோளில், யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை, அப்புறம் அதுவாகவே போய்விட்டது. இருமல் வந்தால் பயம். தும்மல் வருகிற மாதிரி மூக்கு அரித்தாலே கை தலையணையைத் தேடுகிறது. வலி மாத்திரையை மூன்றாம் நாளே நிறுத்திவிட்டேன், மாத்திரை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்று நினைத்து. அது சரியா என்றும் தெரியவில்லை. இடுப்புக்குக் கீழே நீலம் பாரித்திருக்கிறது, அதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது, எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். நேற்று ராத்திரி முதல் முறையாக வலது பக்கம் திரும்பிப் படுத்தேன். வலிக்கவில்லை. அந்த இருட்டில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. 44 வருடமாக எத்தனை ஆயிரம் தடவை புரண்டு படுத்திருப்பேன், ஒரு தடவையாவது அதை ஒரு விஷயமாக நினைத்திருப்பேனா? செருப்பு வாரை மாட்டக் குனிவது, கீழே விழுந்த பேனாவை எடுப்பது, வாய்விட்டுச் சிரிப்பது, இதெல்லாம் எனக்கு இருந்தது என்பதே இப்போதுதான் தெரிகிறது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சொல்வார்களே, அதை நான் மற்றவர்களுக்குத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

என் கேள்வி இதுதான். இந்த அசதி இயல்பானதா, எத்தனை நாள் இருக்கும்? உடம்பு முழுசாகத் தேறிய பிறகு இந்த நினைப்பும் போய்விடுமா? போய்விடும் என்றுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. போகாமல் வைத்துக்கொள்ள யாராவது ஏதாவது செய்கிறீர்களா?


எட்டாவதுபடி எழுதியது:

இயல்புதான் நண்பரே, நூறு சதவீதம் இயல்பு. எனக்குப் பித்தப்பையை எடுத்து ஆறு வருடம் ஆகிறது, அதுவும் லேப்ராஸ்கோப்பி, அதுவும் "சின்னது". இரண்டே வாரத்தில் பழைய மாதிரி ஆகிவிடுவேன் என்று வேலைக்குத் தேதி கொடுத்துவிட்டு, மூன்றாவது வாரத்தில் மதிய நேரத்தில் மேஜைமேல் தலை வைத்துப் படுத்தவன் நான்.

அந்தத் தோள்வலிக்குக் காரணம் கரியமில வாயு. உள்ளே கருவிகள் வேலை செய்ய இடம் வேண்டும் என்பதற்காக அந்த வாயுவைச் செலுத்திக் கொஞ்சம் உப்ப வைக்கிறார்கள். முடிந்ததும் வெளியே விட்டுவிடுவார்கள், ஆனால் மிச்சம் கொஞ்சம் தங்கி உதரவிதானத்தை, அதாவது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற தசையை, உறுத்தும். உதரவிதானத்துக்குப் போகிற நரம்பு கழுத்திலிருந்து கிளம்புகிறது, தோளின் தோலுக்குப் போகிற நரம்புகளும் கழுத்தில் அதே மட்டத்திலிருந்துதான் கிளம்புகின்றன, அதனால் மூளை இடத்தை மாற்றிப் புரிந்துகொண்டு "தோள் வலிக்கிறது" என்கிறது. வாயு உடம்பிலேயே கரைந்து மூச்சோடு போய்விடும். இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, முதல் ராத்திரி நெஞ்சில் ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்துவிட்டேன். ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு நிமிடம் செலவழித்து இதைச் சொன்னால் எத்தனை பேருடைய பயம் குறையும்.

அசதிக்கு வருகிறேன். வெளியே தெரிவது மூன்று சின்னக் கீறல், அவ்வளவுதான். உள்ளே உடம்பு அதை ஒரு காயமாகத்தான் பார்க்கிறது, "சின்னது பெரிது" என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. முதல் சில நாள் வீக்கமும் சூடும், அப்புறம் புதுத் திசு கட்டுகிற வேலை, அப்புறம் கட்டியதை இறுக்கிச் சீராக்குகிற வேலை. இந்தக் கடைசிக் கட்டம் ஒரு வருடம் வரைகூட ஓடும். எனக்கு ஒருவர் சொன்ன கணக்கை நான் மறக்கவே இல்லை: ஒரு வாரம் ஆன தழும்புக்குப் பழைய தோலின் பலத்தில் நூற்றுக்கு மூன்றோ நான்கோதான் இருக்கும், மூன்று வாரத்தில் சுமார் 30, மூன்று மாதத்தில் சுமார் 80. அந்த 80 என்பதுதான் உச்சம், முழு நூறு வருவதே இல்லை. நீங்கள் ஒன்பதாம் நாளில் இருக்கிறீர்கள். உங்கள் உடம்பு ராப்பகலாக உள்ளே கொத்து வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது, தூக்கம் வந்தால் தூங்குங்கள்.

நடையை மட்டும் விடாதீர்கள். ஒரேயடியாக நீளமாக வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளில் பல தடவை. நேற்றை விட இன்று சற்றுக் கூட நடக்க முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். நடுவில் ஒரு நாள் பின்னால் போகும், எல்லோருக்கும் போகும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு என் பதில் என் பெயரிலேயே இருக்கிறது. வீட்டுக்கு வந்த முதல் நாள் மாடி ஏறும்போது எட்டாவது படியில் நின்றுவிட்டேன், மேலே ஒன்பது படி இருந்தது, கீழே போகவும் தெம்பு இல்லை, என் மகன் வந்து முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றான். ஆறு வருடமாகத் தினமும் அந்தப் படியை மிதித்துத்தான் மேலே போகிறேன். எல்லா நாளும் ஞாபகம் வரும் என்று பொய் சொல்ல மாட்டேன். மாதத்தில் நாலைந்து நாள் வரும். வந்தால் அங்கேயே ஒரு நொடி நிற்பேன்.


இரவுப்பணி எழுதியது:

அறுவை சிகிச்சை வார்டில் 19 வருடமாகச் செவிலியாக வேலை பார்க்கிறேன். முதலில் கறாராக ஒன்று சொல்ல வேண்டும், தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வலி மாத்திரையை மூன்றாம் நாளே நிறுத்தியது சரியில்லை. வலியைப் பொறுத்துக்கொண்டால் சீக்கிரம் ஆறும் என்று யாரோ எப்போதோ கிளப்பிவிட்டது, இன்னும் வார்டில் வாரத்துக்கு இரண்டு பேராவது அதைச் சொல்கிறார்கள். வலி இருந்தால் மனிதன் மேலாக மூச்சு விடுவான். மேல்மூச்சாக விட்டால் நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாது, சளி தேங்கும், அங்கிருந்து காய்ச்சலும் தொற்றும் வரலாம். வலி இருந்தால் நடக்க மாட்டான், நடக்காமல் கிடந்தால் காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறையலாம். மாத்திரை கொடுப்பது வலியை மறைப்பதற்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், நீங்கள் ஆழமாக மூச்சு விடவும் நடக்கவும் இருமவும் வேண்டும் என்பதற்காகவும்தான். எழுதிக் கொடுத்ததை எழுதிக் கொடுத்த நாள்வரை நேரத்துக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வலி உச்சத்துக்குப் போன பிறகு போட்டால் அதை இறக்க நேரமாகும். இப்போது ஒன்பது நாள் ஆகிவிட்டதால், வலி குறைந்து நன்றாக நடக்க முடிகிறது என்றால் மறுபடி தொடங்க வேண்டியதில்லை, நடக்கப் பயமாக இருக்கிறது என்றால் உங்கள் மருத்துவரிடம் போனில் கேட்டுவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: வலி மாத்திரையில் இருக்கிற பாரசிட்டமால்தான் சளி, காய்ச்சல் மாத்திரைகள் பலவற்றிலும் இருக்கிறது, தெரியாமல் இரண்டையும் சேர்த்துப் போட்டு அளவு கூடிப்போகும், அது கல்லீரலைப் பதம் பார்க்கும்.

அப்புறம் மலச்சிக்கல். வெட்கப்படாமல் பேச வேண்டிய விஷயம் இது. டிரமடால், கோடீன் போன்ற பலமான வலி மருந்துகள் குடலை மந்தமாக்கும், படுத்தே கிடப்பதும் மந்தமாக்கும். முக்கினால் தையல் போட்ட இடத்துக்கு நேராக அழுத்தம் போகும், ஹெர்னியாவுக்கு அதுதான் ஆகாது. தண்ணீர் நிறைய, நார்ச்சத்து, நடை. அதற்கும் கேட்கவில்லை என்றால் மலம் இளக மருந்து கேட்டு வாங்குங்கள், மூன்று நாள் நான்கு நாள் என்று பொறுத்திருக்காதீர்கள்.

இருமும்போது தலையணையை வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொள்கிறீர்கள் போலிருக்கிறது, நல்லது, அதையே செய்யுங்கள். படுக்கையிலிருந்து நேராக எழக் கூடாது. ஒருக்களித்துத் திரும்பி, இரண்டு காலையும் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுந்தால் வயிற்றுத் தசைக்கு வேலையே இருக்காது. பாரம் தூக்குவது உங்கள் மருத்துவர் சொன்ன தேதிவரை வேண்டாம், பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வாரம் என்பார்கள்.

நீலம் பாரித்திருப்பது பெரும்பாலும் உள்ளே கசிந்த ரத்தம் கீழ்நோக்கி இறங்கியதுதான், இந்த ஆபரேஷனில் அடிக்கடி பார்ப்போம், பச்சை மஞ்சள் என்று நிறம் மாறி மறைந்துவிடும். ஆபரேஷன் செய்த இடத்தில் தடிப்பாகக் கையில் தட்டுப்படலாம், அது ஆறுகிற இடம். ஆனால் வீக்கம் நாளுக்கு நாள் பெரிதானால் காட்டுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரிக்கு மேல் போனாலோ, காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ, சீழோ நாற்றமோ வந்தாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ, சிறுநீர் போக முடியாவிட்டாலோ காத்திருக்க வேண்டாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றைக்கே போங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ அந்த நிமிடமே அவசரப் பிரிவுக்கு. அந்த மாதிரி சமயத்தில் இங்கே வந்து கேள்வி போடாதீர்கள்.

இந்த "சின்ன ஆபரேஷன்" என்ற வார்த்தையைப் பற்றி. நாங்கள் அதைச் சொல்வது ஆபத்து குறைவு என்ற அர்த்தத்தில், கேட்பவருக்கு அது "உனக்கு ஒன்றும் ஆகாது, நாளைக்கே எழுந்து ஓடலாம்" என்று போய்ச் சேர்கிறது. இது சின்னதாக ஆனதே எத்தனை பேர் தலைமுறை தலைமுறையாக உழைத்ததால். 1846ல் பாஸ்டனில் ஈதர் கொடுத்து மயக்கிச் செய்து காட்டும்வரை கத்தியை விழித்துக்கொண்டே தாங்கினார்கள். மயக்கம் வந்த பிறகும் காயம் புரையோடித்தான் பலர் செத்தார்கள், 1867ல் ஜோசப் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர் கார்பாலிக் அமிலம் வைத்துக் கிருமியைத் தடுக்கலாம் என்று எழுதிய பிறகுதான் அது மெல்ல மாறியது. குடலிறக்கத்தை நம்பிச் செய்யலாம் என்ற நிலைமை 1880களில் இத்தாலிய அறுவை மருத்துவர் பாசினி காட்டிய முறையோடு வந்தது, அதற்கப்புறமும் பல காலம் நோயாளியை வாரக்கணக்கில் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். அன்றைக்கே எழுப்பி நடக்க விடுகிற திட்டமான முறை டென்மார்க்கின் அறுவை மருத்துவர் ஹென்ரிக் கெஹ்லெட் 1990களில் வலியுறுத்திய பிறகுதான் பரவியது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில்கூட "அசையாதே, தையல் பிரிந்துவிடும்" என்று அதட்டுகிற மூத்தவர்கள் இருந்தார்கள்.

நீங்கள் புரண்டு படுத்து அழுததை எழுதியது நல்லது. வார்டில் ராத்திரி இரண்டு மணிக்கு இதைப் போல எத்தனையோ பேர் அழுது பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் ஆண்கள், காலையில் கேட்டால் சொல்ல மாட்டார்கள்.


கூடஇருந்தவள் எழுதியது:

நான் ஆபரேஷன் செய்துகொண்டவள் இல்லை, கூட இருந்து பார்த்துக்கொண்டவள். என் கணவருக்குக் குடல்வால் எடுத்தபோது எங்கள் பையனுக்கு நாலு வயது. அப்பா ஏன் தூக்க மாட்டேன் என்கிறார் என்று அவனுக்குப் புரியவில்லை, இரண்டு நாள் அவர் பக்கமே போகவில்லை, தன்மேல் கோபம் என்று நினைத்துவிட்டான். அப்புறம்தான் கண்டுபிடித்தோம்: அவர் சோபாவில் உட்கார்ந்து வயிற்றின்மேல் தலையணை வைத்துக்கொள்வார், இவன் தானாக ஏறி வந்து பக்கத்தில் ஒட்டிக்கொள்வான். தூக்க வேண்டியதே இல்லை. வீட்டில் குழந்தை இருப்பவர்களுக்கு இது உதவும் என்று எழுதுகிறேன்.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். உதவி கேளுங்கள். "நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று என் கணவர் தண்ணீர்க் குடத்தைத் தூக்கியதைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபமும் பயமும் இன்றைக்கும் நினைவிருக்கிறது. பார்த்துக்கொள்பவருக்குச் சுமை கொடுக்கக் கூடாது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். உங்களுக்கு என்ன வேண்டும் என்று தெரியாமல் முகத்தைப் பார்த்து ஊகித்துக்கொண்டே இருப்பதுதான் எங்களுக்குச் சுமை. வாய்விட்டுச் சொல்லுங்கள், தண்ணீர் வேண்டும், தனியாக விடு, இப்போது பேச வேண்டாம், எதுவானாலும்.


ஜன்னலோரம் எழுதியது:

ஒரு சின்னத் தகவல். 1984ல் ரோஜர் உல்ரிச் என்பவர் சயின்ஸ் இதழில் ஒரு ஆய்வு வெளியிட்டார். பித்தப்பை ஆபரேஷன் ஆனவர்களின் பழைய பதிவேடுகளை எடுத்து, ஜன்னலில் மரங்கள் தெரிந்த அறையில் இருந்தவர்களையும் செங்கல் சுவர் மட்டும் தெரிந்த அறையில் இருந்தவர்களையும் ஜோடி ஜோடியாக ஒப்பிட்டார், மொத்தம் 23 ஜோடி. மரம் தெரிந்தவர்கள் சராசரியாகக் கொஞ்சம் முன்னதாகவே வீட்டுக்குப் போனார்கள், பலமான வலி மருந்தும் குறைவாகவே கேட்டார்கள். 46 பேர் என்பது குறைவான எண்ணிக்கைதான், இதை வைத்து மரம் பார்த்தால் காயம் ஆறும் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். ஆனால் கட்டிலைத் திருப்பிப் போட யாருக்கும் நஷ்டம் இல்லையே. முழங்கால் ஜவ்வு கிழிந்து நான் மூன்று வாரம் கிடந்தபோது கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடச் சொன்னேன். ஒரு அணில் தினமும் ஒரே நேரத்துக்கு அந்தச் சுவரில் ஓடும். அதைப் பார்ப்பதற்காகவே எழுந்து உட்கார ஆரம்பித்தேன்.


நாள்தோறும் எழுதியது:

எல்லோரும் நல்லதாகச் சொல்லியிருக்கிறீர்கள், நான் கொஞ்சம் வேறு பக்கத்திலிருந்து பேசுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எனக்கு 11 வருடமாக முடக்குவாதம், ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் மூட்டுகளைத் தாக்குகிற நோய். காலையில் எழுந்தால் விரல்கள் மடங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மருந்தால் கட்டுக்குள் இருக்கிறது, முற்றாகப் போகாது. நண்பரே, உங்களுக்கு முன்னால் ஒரு தேதி இருக்கிறது, நான்கு வாரமோ ஆறு வாரமோ. எனக்கு அப்படி ஒரு தேதியை யாரும் கொடுக்க முடியாது. இதைப் பொறாமையில் சொல்லவில்லை, ஆரம்பத்தில் பொறாமை இருந்தது, இப்போது இல்லை.

ஆரோக்கியத்தின் அருமை தெரிந்தது என்று தேறியவர்கள் பேசும்போது, எங்களைப் போன்றவர்களுக்குச் சில சமயம் வலிக்கும். ஆரோக்கியம் என்பது முழுசாக இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்பது போல ஒரு கணக்கு அதில் இருக்கிறது. அப்படி இல்லை. என் விரல் சரியில்லை, என் கண் நன்றாக இருக்கிறது, பசிக்கிறது, தூக்கம் வருகிறது. சட்டைப் பொத்தானை நானாகப் போட முடிகிற நாளும் உண்டு, முடியாத நாளும் உண்டு, முடிந்த நாளில் அந்தப் பொத்தானுக்காக நான் சந்தோஷப்படுகிறேன். உங்கள் பதிவில் எனக்குப் பிடித்தது அதுதான். "நான் பிழைத்தேன்" என்று எழுதாமல், செருப்பு வார், பேனா, புரண்டு படுப்பது என்று ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சரியான இடத்தைத்தான் பார்க்கிறீர்கள்.

அந்த நினைப்பு போய்விடுமா என்றால், போய்விடும். போகட்டும். பல்லில் வலி இருக்கும்வரை நாக்கு அங்கேயேதான் போகும், வலி போனால் நாக்குக்கு அந்தப் பல் இருப்பதே தெரியாது. உடம்பு சரியாகிவிட்டது என்பதற்கு அதைவிட என்ன அடையாளம் வேண்டும்? நான் 11 வருடமாக ஆசைப்படுவது ஒரு நாள் என் விரல்களை மறந்துவிட வேண்டும் என்பதற்குத்தான். நீங்கள் மறந்தால் குற்ற உணர்ச்சி வேண்டாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், அடுத்த தடவை அலுவலகத்தில் யாராவது ஆபரேஷன் முடிந்து மூன்றாவது வாரத்தில் மெதுவாக நடந்து வந்தால், "சின்ன ஆபரேஷன்தானே, இன்னுமா?" என்று கேட்காதீர்கள்.


ஒன்பதாம்நாள் எழுதியது:

இத்தனை பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன்.

செவிலி அக்கா, நீங்கள் சொன்னபடி மருத்துவரிடம் பேசினேன். ராத்திரி ஒரு வேளை மட்டும் இன்னும் நான்கு நாளைக்குப் போடச் சொன்னார். நீலம் பாரித்ததைப் பற்றி நீங்கள் சொன்னதையேதான் அவரும் சொன்னார். ஒருக்களித்து எழுவதை இன்று காலையில்தான் முயன்றேன், இத்தனை நாளாக நேராக எழுந்து எழுந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நாள்தோறும், உங்கள் பதிலுக்கு உடனே எழுத முடியவில்லை. போன வருடம் எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கு மூல நோய்க்கு ஆபரேஷன் நடந்தது. இரண்டு வாரம் கழித்து வந்தவர் அடிக்கடி எழுந்து எழுந்து நின்றார். நான் அவரிடம் கேட்ட கேள்வி கிட்டத்தட்ட நீங்கள் எழுதிய அதே வார்த்தைகள்தான். அவர் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். உட்காரும்போது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு இப்போது தெரியும். இன்று அவரைப் போனில் கூப்பிட்டுப் பேசினேன். அவருக்கு அது ஞாபகமே இல்லையாம். எனக்கு இருக்கிறது, மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

வேலைக்கு எப்போது திரும்புவது என்று யாராவது சொல்ல முடியுமா? உட்கார்ந்து பார்க்கிற வேலைதான், ஆனால் வண்டி ஓட்டிக்கொண்டு போக வேண்டும்.


எட்டாவதுபடி எழுதியது:

வேலையை விட வண்டிதான் முக்கியம். எனக்குச் சொல்லப்பட்டது இது: திடீரென்று பலமாக பிரேக் போட வேண்டி வந்தால் வலிக்குப் பயந்து கால் ஒரு நொடிகூடத் தயங்கக் கூடாது. அந்த நிலைமை வந்துவிட்டதா என்று நிறுத்திய வண்டியில் உட்கார்ந்து அழுத்திப் பாருங்கள். தூக்கம் வரவைக்கிற மாத்திரை போடுகிற நாளில் ஓட்டவே வேண்டாம். உங்கள் மருத்துவர் சரி என்று சொல்லாமலும் வேண்டாம்.

வேலைக்கு, முடிந்தால் முதல் வாரம் அரை நாள் மட்டும் கேளுங்கள். நான் கேட்காமல் பட்டேன். மணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்கள், யார் என்ன நினைத்தாலும்.


இரவுப்பணி எழுதியது:

மேலே சொன்னது சரி. அதோடு புகை பிடிப்பவராக இருந்தால் இந்தச் சமயத்தில் நிறுத்துங்கள், புகை ரத்தக்குழாய்களைச் சுருக்கி, காயத்துக்குப் போக வேண்டிய பிராணவாயுவைக் குறைக்கும். இருமலும் கூடும், ஹெர்னியாவுக்கு இரண்டுமே எதிரி. சர்க்கரை இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், ஆறுகிற வாரங்களில் அளவை அடிக்கடி பாருங்கள், சர்க்கரை ஏறினால் காயம் ஆறத் தாமதமாகும், தொற்றும் எளிதாக வரும்.


ஒன்பதாம்நாள் எழுதியது:

ஒரு தகவல் சொல்லிவிட்டுப் போக வந்தேன், இன்று 33ம் நாள். பத்து நாளாக வேலைக்குப் போகிறேன், முதல் வாரம் அரை நாள் கொடுத்தார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் இன்னும் அசதி வருகிறது, ஆனால் பழைய அசதி இல்லை, நடந்து களைத்த மாதிரிதான். துளை போட்ட இடங்களில் மூன்று இளஞ்சிவப்புக் கோடுகள், அவ்வளவுதான். பாரம் தூக்க இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுவிட்டேன், அணில் இல்லை, எதிரே ஒரு வேப்பமரம் மட்டும் தெரிகிறது.

நேற்று அலுவலகத்தில் கோப்பு ஒன்றைத் தேடும்போது தூசி கிளம்பித் தும்மிவிட்டேன், வரிசையாக மூன்று தும்மல். தும்மி முடித்து, கோப்பைக் கண்டுபிடித்து, என் மேஜைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான், கை வயிற்றைப் பிடிக்கவே இல்லை என்பது உறைத்தது.